ரவுட்டர் மெஷின் இல்லாமல் மரச்சட்டத்தின் ஓரத்தில் பீடிங் போட முடியுமா?

முடியும். பீடிங் என்றால் சட்டத்தின் ஓரத்தில் நீளமாக ஓடும் மெல்லிய உருட்டு வேலைப்பாடு; ரவுட்டர் என்பது சுழலும் பிட்டால் (வெட்டுமுனையால்) அதைக் கடையும் மெஷின். நீங்களும் என்னைப்போல அபார்ட்மென்ட் பால்கனியில் மரவேலை பார்ப்பவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "ரவுட்டர் இல்லாம இதுல இறங்காதீங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

அம்மாவின் பூஜை அலமாரி தேக்கு. கதவைச் சுற்றி மெல்லிய உருட்டு, அதை ஒட்டி ஒரு சின்னக் காடி (பள்ளக் கோடு). அடிச்சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. புதுச் சட்டம் இழைத்துப் போடுவது பெரிய விஷயமில்லை, அந்த உருட்டுதான் சிக்கல். ரவுட்டர் பிட் கால் அங்குலம், அரை அங்குலம் என்று கடையில் இருக்கும் அளவில்தான் கிடைக்கும். அந்தக் காலத்து ஆசாரி போட்ட உருட்டு எதிலும் சேரவில்லை. "நாலு பக்கமும் புதுசா மாத்திடலாம் சார், மேட்சா இருக்கும்" என்றார் ஒரு பர்னிச்சர்காரர். நல்லா இருக்கிற மூன்று பக்கத்தை எதற்கய்யா பிடுங்க வேண்டும்?

இதற்கென்றே ஸ்க்ராட்ச் ஸ்டாக் என்று, தகட்டு முனையால் மரத்தைச் சுரண்டி வடிவம் எடுக்கும் ஒரு கைக்கருவி இருக்கிறது. கடையில் தேடாதீர்கள், நாமே செய்துகொள்ளலாம். ஒரு சாண் நீளக் கெட்டி மரத்துண்டில் ஒரு மூலையை வெட்டியெடுத்தால் கவிழ்த்த 'ட' மாதிரி வரும். கனத்தின் நடுவில் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறு. அதில் சுரண்டும் எஃகுத் தகட்டைச் செருகி இரண்டு திருகாணியால் இறுக்கினால் போதும். தகடு உள்மூலையில் உருட்டின் ஆழத்துக்கு மட்டும் வெளியே நிற்க வேண்டும். தகட்டுக்குப் பழைய கைரம்பத் துண்டுதான் சிறந்தது. ஹேக்ஸா பிளேடும் ஆகும், ஆனால் வளைத்தால் படக்கென்று ஒடியும் வகை வேண்டாம், அதில் அரம் ஏறாது.

பழைய சட்டத்தின் நல்ல முனையைச் சதுரமாக அறுத்து, தகட்டில் மார்க்கரால் கருப்படித்து, அதன்மேல் வடிவத்தைக் கீறிக்கொண்டேன். மரத்தில் மேடாக வர வேண்டியது தகட்டில் பள்ளம். எலிவால் அரத்தால் (மெல்லிய உருண்டை அரம்) அராவி, பழைய உருட்டின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, இடுக்கில் வெளிச்சம் தெரியாமல் போகும்வரை மறுபடி அராவுவது. அரத்தை நேராகப் பிடியுங்கள், விளிம்பு செங்கோணமாக இருந்தால் போதும், உளி மாதிரி சரிவு வேண்டாம். கடைசியில் இரண்டு முகத்தையும் ஆயில் ஸ்டோனில் (எண்ணெய் விட்டுத் தீட்டும் கல்) தேய்த்துப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

ஓட்டும்போது 'ட'வின் காலைச் சட்டத்தின் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்து, போகிற திசையில் கொஞ்சம் சாய்த்து, லேசாகத் தள்ளுங்கள். தொலைவு முனையில் சின்னச் சின்னதாகத் தொடங்கி, பின்னால் வந்துகொண்டே நீளத்தைக் கூட்ட வேண்டும். முதலில் கோடு மட்டும் தெரியும், அப்புறம் காடி இறங்கும், உருட்டு தானாக எழும்பும். சன்னச் சுருளாக வந்தால் முனை கூர். வெறும் தூளாக வந்தால் கழற்றி மறுபடி தேயுங்கள். தேக்கில் மணற்சத்து உண்டு, முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். இழை எதிர்த்தால் திசையை மாற்றி இழுங்கள், இந்தக் கருவிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மரக்கட்டை தகட்டின் ஆழத்தில் வந்து உட்கார்ந்ததும் அதற்குமேல் அறுக்காது.

"நூறு அடி பீடிங்கை இதில் போட்டுக் காட்டு பார்ப்போம்" என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: போட மாட்டேன். அதற்கு மெஷின்தான். ரவுட்டர் வைத்திருப்பவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பேக்கிங் பெட்டிப் பைன் மரத்திலும் இது சரிப்படாது, நார்நாராகக் கிளம்பும். பெரிய வடிவங்களுக்கும் ஆகாது, அரை அங்குல அகலத்தைத் தாண்டினால் கை நடுங்கும். ஆனால் வளைந்த நாற்காலிக் கையிலும் மேஜைக் காலிலும் இது போகிற இடத்துக்கு நேரான இழைப்புளி போகாது.

     

 உங்கள் பீடிங் வடிவத்தை போட்டோ எடுத்துப் போட்டால், தகட்டில் எந்த இடத்தை அராவ வேண்டும் என்று சொல்கிறேன்.