வாசகர் கேள்வி: கஞ்சி போட்ட துணியும் இரண்டு இசைத்தட்டும்

கேள்வி (மதுரை வாசகி): பிளஸ் டூ முடித்த என் மகன் ஹிப்-ஹாப் டிஜே ஆகப் போகிறேன் என்கிறான். கல்யாண மண்டபத்தில் பென் டிரைவைச் சொருகிப் பாட்டுப் போடுவதெல்லாம் ஒரு தொழிலா? அவனோடு பேச்சே விட்டுப்போச்சு.

பதில்: முதலில் பேசுங்கள் அம்மா. பென் டிரைவைச் சொருகுவதும் அவன் ஆசைப்படுவதும் ஒன்றில்லை. ஹிப்-ஹாப் டிஜேக்களுக்கு முன்னோடியான கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற ஒரே ஆளை வைத்துச் சொல்கிறேன். இயற்பெயர் ஜோசப் சாட்லர், 1958-ல் பார்படோஸ் தீவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அப்பாவின் இசைத்தட்டுகளைத் தொட்டால் அடி விழும், அப்படியும் தொட்டுக்கொண்டேதான் இருந்தார். தொழிற்பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார், அது பிற்பாடு எவ்வளவு கைகொடுத்தது என்று பாருங்கள்.

அதே பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று கூல் ஹெர்க் என்ற டிஜே தன் தங்கைக்காக நடத்திய பார்ட்டியைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். பாட்டில் மற்ற வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் கேட்கும் சில நொடிகள் வருமே, அதற்குப் பெயர் பிரேக், அங்கேதான் ஆடுகிறவர்களுக்கு வெறி ஏறுகிறது என்று ஹெர்க் கண்டுகொண்டார், ஒரு தட்டில் பிரேக் முடிந்ததும் இன்னொரு தட்டில் பிரேக்கைப் போட்டு நீட்டினார். ஆனால் ஊசியைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைப்பார், தாளம் பிசகும். ஃப்ளாஷுக்கு அது பொறுக்கவில்லை.

ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டார். பிரேக் தொடங்கும் இடத்தில் கிரேயானால் ஒரு கோடு போட்டார். ஒரு பிரதி ஓடும்போதே மற்றதைக் கையால் இத்தனை சுற்று பின்னால் திருப்பினால் அந்த இடம் வந்துவிடும் என்று கணக்கு வைத்தார், அந்தக் கோடுதான் அவருக்குக் கடிகார முள். தட்டின் மேல் விரல் படுவதே பாவம் என்றிருந்த காலம் அது. இன்னொரு தொல்லை, டர்ன்டேபிளின், அதாவது தட்டைச் சுழற்றும் கருவியின், ரப்பர் விரிப்பு தட்டைப் பிடித்துக்கொள்ளும், திருப்பினால் வழுக்காது. அம்மா தையல்காரர், அதனால் துணி பற்றி ஃப்ளாஷுக்குத் தெரியும். ஃபெல்ட் துணியைத் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டினார், அது துவண்டு விழுந்தது, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து விறைப்பாக்கினார். இன்று டிஜேக்கள் வைத்திருக்கும் ஸ்லிப்மேட்டுக்கு அதுதான் முன்னோடி. அடுத்த தட்டைத் தான் மட்டும் ஹெட்போனில் கேட்டுப் பார்க்க ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது, இரண்டு தட்டின் ஒலியையும் கலக்கும் அவருடைய மிக்ஸரில் அது இல்லை, தானே செய்து ஒட்டிக்கொண்டார். பள்ளியில் படித்த படிப்பு இங்கேதான் பேசியது.

அதனால் உங்கள் மகனை எலக்ட்ரானிக்ஸோ ஒலிப்பதிவோ ஏதாவது ஒன்று படிக்கச் சொல்லுங்கள். லட்ச ரூபாய்க்குச் சாமான் வாங்கித் தர வேண்டாம், லேப்டாப்பில் இணைக்கிற சின்ன கன்ட்ரோலர் போதும். ஒரு பிரேக்கைத் தாளம் பிசகாமல் ஐந்து நிமிடம் நீட்டிக் காட்டு என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அதுதான் முக்கியம்.

கேள்வி (திருச்சி கல்லூரி மாணவர்): அந்த 'விக்கி விக்கி' சத்தம், ஸ்க்ராட்ச், அதுவும் ஃப்ளாஷ் கண்டுபிடித்ததா?

பதில்: இல்லை. அவரிடம் தொழில் பழகிய கிராண்ட் விஸர்ட் தியடோர் என்ற சிறுவன், 1975 வாக்கில். சத்தத்தைக் குறை என்று அம்மா வந்து அதட்ட, ஓடுகிற தட்டைக் கையால் பிடித்துக்கொண்டான், பேச்சு முடியும்வரை கை முன்னும் பின்னும் அசைந்ததில் எழுந்த ஒலி பிடித்துப்போய்விட்டது. அப்புறம் அதை மேடைக்குக் கொண்டுவரும் அளவுக்கு உழைத்தது தனிக் கதை.

கேள்வி (கோவை வாசகர்): 'த மெஸேஜ்' பாட்டு ஃப்ளாஷ் பெயரில்தான் வந்தது, ஆனால் அதில் அவர் கையே இல்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான், எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம். ஃப்ளாஷ் தன் வித்தையை முதன்முதலில் கூட்டத்தில் காட்டியபோது யாரும் ஆடவில்லை, அசையாமல் நின்று அவர் கையையே பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார். கூட்டத்தை ஆடவைக்க ஆள் வேண்டும் என்றுதான் மைக்கில் பேசுகிறவர்களைச் சேர்த்தார், கடைசியில் அது ஃபியூரியஸ் ஃபைவ் என்று ஐந்து பேர் ஆனது. பிறகு ரெக்கார்டு கம்பெனிகள் வந்தன. ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வாசிக்க ஆள் இருக்கும்போது டிஜே எதற்கு? 1982-ல் வந்த 'த மெஸேஜ்' அப்படித்தான் உருவானது, முக்கியக் குரல்கள் ஐவரில் ஒருவரான மெல்லி மெல், ஸ்டுடியோ வாத்தியக்காரர் டியூக் பூட்டி இருவருடையவை. அருமையான பாட்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யாருடைய கைக்குத் துணையாகக் குரல் வந்ததோ அந்தக் கையை வெளியே நிறுத்திவிட்டார்கள். ராயல்டிக்கும் பெயருக்குமாக 1983-ல் வழக்குப் போட்டு ஃப்ளாஷ் அந்தப் பாட்டை வெளியிட்ட கம்பெனியை விட்டு வெளியேறினார்.

2007-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமெரிக்க இசைக் கௌரவப் பட்டியலில் முதல் ஹிப்-ஹாப் குழுவாக ஃப்ளாஷையும் ஃபியூரியஸ் ஃபைவையும் சேர்த்தார்கள், 2019-ல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு ஃப்ளாஷுக்கு வந்தது. விருதெல்லாம் சரி, அவர் கையைக் கேட்க வேண்டுமானால் 1981-ல் வந்த 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' பதிவைத் தேடுங்கள். மூன்று டர்ன்டேபிள், நேரடியாக வாசித்தது, ஏழு நிமிடம், எங்காவது தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் தாளம் அப்படியே நிற்கும்.