ஆச்சியும் அஞ்சு புளியங்கொட்டையும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. இரண்டு வருடமாக வீசிங், ஆஸ்துமாதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்திருக்கிறது. அவன் யுகேஜி விட்டு வந்ததிலிருந்து, நான் செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கும் வரை பக்கத்து வீட்டு ஆச்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பீடி சுற்றுகிறவர். பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. "அந்த மருந்த அடிச்சா பிள்ளைக்குப் பழகிப் போயிரும்லா?" என்று வேறு கேட்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம், வீரவநல்லூர்

பதில்: புரியவைத்ததெல்லாம் போதாது என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். ஸ்டாஃப் நர்ஸாக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். என் மூத்தவனுக்கும் இதே இளைப்புதான். நைட் டியூட்டிக்குப் போகும்போது பாளையங்கோட்டை வீட்டில் என் அத்தையிடம் அவனை விட்டுவிட்டுப் போவேன். மருந்து, அளவு எல்லாம் நர்ஸ் மிடுக்கோடு ஒப்பித்துவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னேன்: "என்னைக் கேட்காம எதுவும் கொடுத்திராதீங்க அத்தை."

ஒரு ராத்திரி அவனுக்கு இளைப்பு வந்தது. செல்போன் இல்லாத காலம். அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன் இருந்த வீட்டுக் கதவைத் தட்டி, வார்டுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். லைன் கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரம் மருந்து கையில்தான் இருந்தது. அப்புறம் மூன்று நாள் ஆக்சிஜன். "நீ வைவியோன்னு பயந்துட்டேன்மா" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்?

அதனால் முதல் காரியம், உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆச்சியிடம் சொல்லுங்கள்: "இளைப்பு வந்தா முதல்ல மருந்து, அப்புறம்தான் போன். தேவையில்லாம அடிச்சிட்டாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்." உடனடி நிவாரண இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமாலை ஒருமுறை தேவையில்லாமல் அடித்துவிட்டால் கை லேசாக நடுங்கும், நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும், பிறகு அடங்கிவிடும். அடிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

பழகிப் போகுமா என்ற கேள்விக்கு: போகாது. ஒரு பஃப்பில், அதாவது இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவதில், இருப்பது பெரும்பாலும் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதைப்போல் இருபது மடங்கு. ஆச்சிக்குக் கணக்கு வேண்டாம், "மாத்திரை வயித்துக்குப் போயி உடம்பெல்லாம் சுத்தும், இது நேரா நெஞ்சுக்குப் போகுது" என்றால் போதும். ஆனால் அடிக்கடி இந்த மருந்து தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், டாக்டரைப் பாருங்கள். தினமும் காலை, இரவு கொடுக்கும் தடுப்பு இன்ஹேலரை நீங்களே கொடுங்கள். அது உடனே இளைப்பைத் தணிக்காது. இரண்டையும் ஆச்சி வீட்டில் வைத்தால் அவசரத்தில் மாறிப்போகும். அங்கே ஒன்றே ஒன்று, ஸ்பேசரோடும் (இன்ஹேலரைச் செருகும் பிளாஸ்டிக் குழாய்) மாஸ்க்கோடும் ஒரு பையில், ஒரே ஆணியில். அடுப்புப் பக்கமோ வெயில் விழும் ஜன்னலிலோ வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆச்சியைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மூடியைக் கழற்றி, குலுக்கி, ஸ்பேசரில் செருகி, பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்கும் வாயும் சேர்ந்து மூடும்படி மாஸ்க்கை அழுத்த வேண்டும். ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு. அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்கல். நிறையப் பேர் மூடியைக் கழற்ற மறப்பார்கள், படித்தவர்களும்தான். முதலில் மருந்து அடிக்காமல் ஒரு பொம்மைக்கு மாஸ்க் வைத்துக் காட்டினால் பையன் அழாமல் இருப்பான். அழுகிற பிள்ளைக்குள் மருந்து சரியாக இறங்காது.

எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை. டாக்டர் எத்தனை பஃப் சொன்னாரோ அத்தனை கொட்டை ஒரு டப்பாவில் (தலைப்பில் உள்ள அஞ்சு சும்மா ஓசைக்கு, அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்). ஒரு பஃப்புக்கு ஒரு கொட்டையை மூடிக்கு மாற்ற வேண்டும். அடங்காவிட்டால் எத்தனை நிமிடம் கழித்து மறுபடி அடிப்பது, ஆம்புலன்ஸ் வரும் வரை எவ்வளவு அடிக்கலாம் என்றும் டாக்டரிடம் கேட்டு, அந்தச் சுற்றுக்குச் சோழியைப் போடுங்கள். சோழியில் கை வைத்தாலே 108-க்கும் அடித்துவிட வேண்டும். தெருப்பெயரோடு பக்கத்தில் உள்ள கோயில் பெயரையும் சொல்லப் பழக்குங்கள். அடங்கிவிட்டாலும் நாலு மணி நேரத்துக்குள் மறுபடி இளைத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கொட்டையை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரமும் உண்டு. ஒரு வரிகூட முழுசாகப் பேச முடியாமல் நிறுத்தி நிறுத்திப் பேசுவது, மூச்சு இழுக்கும்போது விலாவிலும் தொண்டைக்குழியிலும் குழி விழுவது, உதடு நீலம் பாய்வது. வண்டி வரும் வரை மருந்தை நிறுத்தக் கூடாது. இன்னொன்றை மட்டும் பத்துத் தடவை சொல்லுங்கள்: இளைப்புச் சத்தம் நின்றுபோய், பிள்ளை சோர்ந்து கிடந்தால் அது தூக்கமில்லை. உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தம். "சத்தம் நின்னுட்டு, தூங்கட்டும்" என்று போர்த்திவிட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

பீடி விஷயம் சங்கடமானது. அது ஆச்சியின் பிழைப்பு, விடச் சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமையில்லை. ஆனால் புகையிலைத் தூசி ஆகாது. பையன் இருக்கும் நேரத்தில் பீடி சுற்றும் சொளவு (முறம்) வேறு அறையிலோ திண்ணையிலோ இருக்கட்டும். அவனைத் தூக்குமுன் கை கழுவி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் சுற்று குறையும், கூலியும் குறையும். அதையும் சேர்த்து மாதச் சம்பளம் பேசுங்கள். சும்மா பார்த்துக்கொள்கிறவரிடம் சாம்பிராணி போடாதீங்க, கொசுவத்தி வைக்காதீங்க, வத்தல் வறுக்காதீங்க என்று சொல்ல நமக்கே வாய் வராது.

தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு எல்லாம் ஆச்சி கொடுப்பார். பிள்ளை நன்றாக இருக்கும்போது கொடுக்கட்டும், இளைப்பு நேரத்தில் வேண்டாம். சாயங்காலம் ரயிலை விட்டு வந்ததும் "சாப்பிட்டானா?" என்று கேட்பதோடு அந்த டப்பாவையும் திறந்து பாருங்கள். கொட்டை மூடியில் கிடந்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஆச்சியிடம் உட்கார்ந்து கேளுங்கள். வையாமல்.