இபிஎஃப்பில் கை வைக்கலாமா, பிடிபிடிஎன் வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் தெபால் வளாகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கணவர் லாரி ஓட்டுநர், சம்பளம் 3,800 ரிங்கிட். எனக்கு வேலை இல்லை. "பிள்ளை தலையில் கடன் வேண்டாம், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் எடுத்துக் கட்டிவிடலாம்" என்கிறார். சரியா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா. கல்விக்கென எடுக்கும் பணம் இபிஎஃப்பின் ஒரு பிரிவான சேஜாத்தெரா கணக்கிலிருந்து போகும். அதற்கு 2024ஆம் ஆண்டில் 6.3% ஈவு கிடைத்தது. அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன்னின் உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம், ஆண்டுக்கு 1% தான். ஆனால் அது கடைசிவரை முழு அசலுக்கும் கணக்கிடப்படும். 27,000 ரிங்கிட் வாங்கி 15 ஆண்டில் அடைத்தால் உஜ்ரா 4,050, மாதத் தவணை 172.50. கட்டக் கட்ட வட்டி குறையும் வங்கிக் கடன் முறைக்கு மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 1.9%. அப்படியும் மலிவுதான். படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துத்தான் தவணை தொடங்கும்.

எஸ்டிஆர் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் ரொக்க உதவி) வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "சில நூறு ரிங்கிட்டுக்கு எதற்கு அலைச்சல்" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். எஸ்டிஆர் பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு முழுக் கடன் கிடைக்கும். பெறாத குடும்பத்துக்கு, மாத வருமானம் 8,000க்குள் இருந்தாலும், 75% தான். குடும்ப வருமானம் 5,000ஐத் தாண்டாததால் நீங்கள் தகுதியானவர்கள். பெயர் இல்லையென்றால் மைஎஸ்டிஆர் தளத்தில் இன்றே பதியுங்கள். பிடிபிடிஎன் மனு அதற்குப் பிறகு போகட்டும். மனுவுக்கு மகள் பெயரில் எஸ்எஸ்பிஎன் (பிடிபிடிஎன்னின் கல்விச் சேமிப்பு) கணக்கு வேண்டும், அதையும் இப்போதே திறந்துவிடுங்கள்.

கடன் பணம் பதிவு நாளன்று கைக்கு வராது. அந்த இடைவெளிக்காகவே 1,500 ரிங்கிட் வரை முன்பணம் உண்டு. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். அடுத்தடுத்த தவணைகளுக்கு மகளின் சராசரித் தேர்ச்சிப் புள்ளி 2.00க்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் பணம் நின்றுவிடும்.

ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) உபகாரச் சம்பளம் கிடைத்தால் பிடிபிடிஎன்னை ரத்து செய்ய வேண்டும், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஒருமுறை தரும் உதவித்தொகைக்கு அந்தத் தடை இல்லை. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவிக்கும், இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா அறிவிக்கும்போது அதற்கும் மனு போடுங்கள். சேர்க்கைக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். இரண்டு இடத்திலும் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.