நிமோனியாவில் அழிந்த நுரையீரல் உட்படலம் மறுபடி வளருமா?

கேள்வி இது: "அப்பாவுக்கு 62 வயது. கடுமையான நிமோனியா வந்து வென்டிலேட்டர் வரை போய் மீண்டிருக்கிறார். நுரையீரலின் உள்படலம் தானாக வளருமா, தழும்பாகவே நின்றுவிடுமா?"

வளரும். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே வளர்கிறது. ஆனால் அதற்கு இரண்டு விஷயங்கள் சரியாக அமைய வேண்டும். செல்கள் உட்கார்ந்திருந்த அடித்தளச் சவ்வு கிழியாமல் இருக்க வேண்டும். பழுதுபார்க்கக் கிளம்பிய செல் பாதி வழியில் நின்றுவிடாமல் வேலையை முடிக்க வேண்டும்.

நாம் இழுக்கும் காற்று கடைசியாகப் போய்ச் சேரும் இடம் நுண்ணறை. வயது வந்தவருக்குச் சுமார் 48 கோடி நுண்ணறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.2 மி.மீ. அகலம். உள்சுவரில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. டைப் 1 செல் அப்பளம் போலத் தட்டையாக விரிந்து கிடப்பது. ஒரே செல் சுமார் 5,000 சதுர மைக்ரான் பரப்பை மூடும். பெரும்பாலான இடத்தில் அதன் தடிமன் 0.2 மைக்ரான் அளவுதான். ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்குவது இதன் வழியாகத்தான். டைப் 2 செல் மூலைகளில் சின்னப் பெட்டி மாதிரி ஒட்டியிருக்கும். எண்ணிக்கையில் அதிகம், ஆனால் பரப்பில் 5 சதவீதத்தைத்தான் மூடுகிறது. நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பைச் சுரப்பது இதுதான்.

டைப் 1 மெலிந்து விரிந்திருப்பதால் அடிபட்டால் சீக்கிரம் செத்துவிடும். பிரிந்து பெருகி இடத்தை நிரப்புவதும் அதனால் ஆகாது. அந்த வேலை டைப் 2 தலையில் விழுகிறது. 1970களில் எலிகளை நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவில் வைத்து இதைப் பார்த்தார்கள். டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான தைமிடினில் கதிரியக்க அடையாளம் ஏற்றி ஊசியில் செலுத்தினால், பிரியும் செல் அதை எடுத்துக்கொள்ளும். முதலில் அடையாளம் தெரிந்தது டைப் 2 செல்களில். ஓரிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே அடையாளம் டைப் 1 செல்களில் இருந்தது. பெட்டி தட்டையாகி அப்பளமாகியிருந்தது.

நடக்கும் வரிசையைச் சொல்கிறேன். செல்கள் உரிந்ததும் ரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்ணறைக்குள் கசிகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதில் பெரும்பங்கு இந்த நீரும் அதில் குவியும் அழற்சி செல்களும். அதிலுள்ள ஃபைப்ரின் என்ற ரத்த உறைவுப் புரதம் உறைந்து, வெறுமையான தரைமேல் தற்காலிக வலையாகப் படிகிறது. விளிம்பில் தப்பிய செல்கள் நீண்டு படர ஆரம்பிக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவு செல்கள் செத்ததை விழுங்கிக்கொண்டே இன்டர்லூக்கின்-1 போன்ற செய்திகளை அனுப்ப, டைப் 2 பிரியத் தொடங்குகிறது. ஓட்டை அடைபட்ட பிறகுதான் செல்கள் சோடியத்தை உள்ளே இழுத்து, கூடவே தண்ணீரையும் வெளியேற்ற முடியும். ஓட்டை இருக்கும்வரை இறைத்த நீர் திரும்பக் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

இனிதான் சிக்கலான கட்டம். டைப் 2 நேராக டைப் 1 ஆகிவிடுவதில்லை. நடுவில் கெராட்டின் 8 என்ற இழைப்புரதம் நிறைந்த ஒரு இடைநிலை இருக்கிறது. 2020இல் பல ஆய்வுக் குழுக்கள் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டின. அந்த நிலைக்குள் நுழைய அழற்சி தேவை. அதிலிருந்து வெளியேற அழற்சி அடங்க வேண்டும். அழற்சி நீடித்தாலோ, தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற செய்திப்புரதம் குறையாமல் இருந்தாலோ, செல்லுக்கே வயதாகி டிலோமியர் (குரோமோசோமின் நுனிக்காப்பு) தேய்ந்திருந்தாலோ அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாட்டிய செல் சும்மா இருக்காது. நார் நெய்யும் செல்களான பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டி, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் குவிக்க வைக்கும். காரணம் தெரியாத நுரையீரல் நார்த்தழும்பு நோயிலும் இதே சாயலுள்ள செல்களைக் காண்கிறோம். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் மாத்திரைகள் அந்தத் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும், விழுந்த தழும்பை அழிக்காது.

அடித்தளச் சவ்வே கிழிந்தால் படர்வதற்குத் தரையில்லை. கசிந்த ஃபைப்ரினுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நுழைந்து, காற்றிருந்த இடத்தைத் தசைநார் போல இறுக்கிவிடும். டைப் 2 மொத்தமாக அழிந்தாலும் கதி அதுதான். பாராகுவாட் களைக்கொல்லி இவ்வளவு கொடூரமாக இருப்பது இதனால்தான். பாலிஅமீன்கள் என்ற இயற்கையான சிறு மூலக்கூறுகளுக்காக இருக்கும் வாசல் வழியே நுண்ணறைச் செல்கள் அதைத் தாங்களே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடுகிறது.

ஐசியுவில் செய்வதெல்லாம் இந்தப் பழுதுவேலைக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதுதான். புதிதாகப் படர்ந்த செல்லை வென்டிலேட்டர் அதிகமாக இழுத்தால் திரும்பக் கிழியும். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகள்: ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. காற்று கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. கொடுத்தவர்களில் 31 சதவீதம். இங்கே கிலோ என்பது தராசில் காட்டும் எடையல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 165 செ.மீ. உயர ஆணுக்கு அது 61.5 கிலோ, ஆக ஒரு மூச்சுக்குச் சுமார் 370 மி.லி. அவர் 80 கிலோ இருக்கிறாரே என்று 480 வைத்தால் தவறு. நுரையீரல் உடம்போடு சேர்ந்து குண்டாவதில்லை.

இப்போது உங்கள் அப்பாவுக்கு. முதல் சில வாரங்களில் எடுக்கும் சிடியில் வெண்படலம் தெரிந்தால் உடனே தழும்பு என்று முடிவு கட்டாதீர்கள். பழுது நடந்துகொண்டிருக்கும் நுண்ணறையும் அப்படித்தான் தெரியும். சுமார் மூன்று மாதம் கழித்து சிடியோடு டிஎல்சிஓ சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி மட்டும் போதாது. வாயு சுவரைக் கடக்கிறதா என்று அது சொல்லாது, டிஎல்சிஓதான் சொல்லும். ஆறு நிமிடம் நடக்கவிட்டு, விரலில் ஆக்சிமீட்டர் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டி, நடந்ததும் 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், நுரையீரல் மருத்துவரிடம் முன்பே காட்டுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். மூச்சுக்குழாய்ச் சுவரைப் புதுப்பிப்பது வேறு செல், அடியில் இருக்கும் பேசல் செல். புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாயில், புகையால் வந்த மரபணுச் சேதம் அதிகமில்லாத செல்கள் 20 முதல் 40 சதவீதம் வரை இருந்ததை 2020இல் ஒரு ஆய்வு காட்டியது. இன்னும் புகைப்பவர்களிடம் இருப்பதைப் போல நான்கு மடங்கு வரை அதிகம். நுண்ணறைச் சுவரே கரைந்துபோன எம்ஃபிசீமாவில் மட்டும் இந்த ஆறுதல் கிடையாது, இழந்த சுவர் திரும்ப எழும்புவதில்லை. ஆவி பிடிப்பது மூக்குக்கும் தொண்டைக்கும் இதமாக இருக்கலாம். அந்த நீராவி மேலேயே குளிர்ந்து படிந்துவிடும், நுண்ணறைப் பழுதுக்கு அது எதுவும் செய்யாது.