மூன்றாவது நீட் வேண்டாம், அவள் மஞ்சளைச் சோதிக்கட்டும்

ஈரோடு பக்கம் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ வேதியியலில் 97. நீட் இரண்டு முறை எழுதியும் அரசு ஒதுக்கீட்டு இடம் எட்டவில்லை. "இன்னொரு வருசம் கோச்சிங் போகட்டும், அதுவும் ஆகலைன்னா காட்டை வித்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பிடுங்க மாப்ளே" என்கிறாராம் மனைவியின் அண்ணன். மகளோ, "கெமிஸ்ட்ரி சேர்த்து விடுங்கப்பா, ஃபுட் டெஸ்டிங் லேபுக்குப் போறேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காகச் சந்தையில் வாங்கிய மஞ்சள் தூள்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்த்தவள் அவள். சுத்த மஞ்சளில் வரும் இளஞ்சிவப்பு, தண்ணீர் ஊற்றினால் மறைந்துவிடும். மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் கலந்திருந்தால் மறையாது. அந்த நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாளாம். "இதையெல்லாம் நம்பிப் பிள்ளையை விடலாங்களா?" என்பது கேள்வி.

விடலாம் அய்யா. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பினால் அடுத்த மாதமே கோச்சிங் சென்டரில் பணம் கட்டிவிடுவீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். இரண்டு முறை எழுதிய பிள்ளை தனக்கு எது வேண்டும் என்று வாய் திறந்து சொன்ன பிறகும் மூன்றாவது முறை உட்கார வைப்பது உங்கள் மைத்துனரின் ஆசை, அவளுடையது இல்லை. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் நீட் தகுதி வேண்டும். முடித்துத் திரும்பினால் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு, அதன்பின் பயிற்சிக் காலம். அத்தனைக்கும் காட்டை விற்க வேண்டும். கூடாது என்பதே என் பதில். இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். பற்றி உங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதில் நான் நேரம் செலவிடவில்லை.

அவள் கேட்கும் வழி எங்கே போய் முடியும் என்பதை மட்டும் விளக்குகிறேன். உங்கள் மண்டியிலிருந்து போகும் மஞ்சளில் ஈயம் எவ்வளவு இருக்கலாம், பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை இறக்குமதி செய்யும் நாடு சொல்கிறது. அந்த நாடுகள் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையத்தின் தரங்களை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து, உணவுக்கு உலகத் தரம் எழுத 1963-இல் தொடங்கிய ஆணையம் அது. இந்தியா 1964 முதல் உறுப்பு நாடு. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது அதன் உணவுப் பாதுகாப்பு ஒப்பந்தம் கோடெக்ஸைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. அதன்பின் இந்தத் தரங்கள் வர்த்தக வழக்குகளில் ஆயுதமாகிவிட்டன. பெரு நாட்டு மத்தி மீனை 'சார்டின்' என்ற பெயரில் டின்னில் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தபோது, பெரு கோடெக்ஸ் தரத்தைக் காட்டி வாதாடி 2002-இல் வென்றது.

அந்தத் தரத்தை எழுதும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2012-இல் ராக்டோபமைன் என்ற கால்நடை மருந்தின் எச்ச அளவு வாக்கெடுப்புக்குப் போனது. 69 வாக்கு ஆதரவு, 67 எதிர்ப்பு. இரண்டே வாக்கில் உலக அளவு முடிவானது. ஆனால் கோடெக்ஸில் வாக்கெடுப்பே அபூர்வம், பெரும்பாலும் பேசி ஒத்துப்போவதுதான் வழக்கம். பேசுவதற்குக் கையில் தரவு வேண்டும். தரவுக்கு ஆய்வகம் வேண்டும், ஆய்வகத்துக்கு உங்கள் மகளைப் போன்ற ஆள் வேண்டும்.

ஈயம் போன்ற அசுத்தப் பொருட்களின் உச்ச அளவு எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். உறுப்பு நாடுகள் தங்கள் சோதனை முடிவுகளை உலக சுகாதார அமைப்பின் ஜெம்ஸ் ஃபுட் தரவுத் தொகுப்பில் ஏற்றுகின்றன. கோடெக்ஸ் குழு அவற்றைச் சேர்த்துப் பார்த்து, நல்ல முறையில் விளைவித்த சரக்கில் சுமார் 5 சதவீதத்துக்கு மேல் நிராகரிப்பு வராதபடி ஓர் எண்ணைத் தேடுகிறது. தொகுப்பில் நம் நாட்டு மாதிரிகள் குறைவாக இருந்தால் அந்த 5 சதவீதக் கணக்கு வேறொரு நாட்டின் மண்ணுக்கும் மழைக்கும் பொருந்தும். நம் சரக்கில் நிராகரிப்பு அதைவிட அதிகமாகலாம். அப்புறம் 'அநியாயம்' என்று கத்திப் பயனில்லை.

பூச்சிமருந்து எச்சத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு பயிருக்கு ஒரு மருந்தின் அளவு யாராலும் நிர்ணயிக்கப்படாமல் இருந்தால் ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது அளவு பாயும். ஒரு டன் சரக்கில் 10 மில்லிகிராம். கறிவேப்பிலை, முருங்கை மாதிரி நம் ஊரில் மட்டும் பெரிதாக விளைபவற்றுக்கு மருந்துக் கம்பெனிகள் வயல் சோதனைக்குச் செலவழிக்க விரும்புவதில்லை. அதனால் அவை இந்தப் பொது அளவில் மாட்டிக்கொள்கின்றன. நறுமணப் பொருட்களுக்கு மட்டும் கோடெக்ஸில் ஒரு சலுகை உண்டு: வயல் சோதனை இல்லாமல், சந்தை மாதிரிகளைத் தொடர்ந்து சோதித்த கண்காணிப்புத் தரவை வைத்தே அளவு நிர்ணயிக்கலாம். அப்படியானால் மஞ்சளுக்கும் மிளகுக்கும் ஏலத்துக்கும் ஆய்வக முடிவே நேரடியாகக் கோடெக்ஸ் மேசைக்குப் போகும்.

2013-இல் நறுமணப் பொருட்களுக்கென்றே கோடெக்ஸ் தனிக் குழு அமைத்தது. அதை நடத்தும் நாடு இந்தியா, செயலகம் கொச்சியில் உள்ள ஸ்பைசஸ் போர்டு, அதாவது நறுமணப் பொருள் வாரியம். முதல் கூட்டம் 2014-இல் கொச்சியில், மூன்றாவது 2017-இல் சென்னையில். மிளகு, சீரகம், உலர்ந்த தைம் என்ற மூலிகை ஆகியவற்றின் தரங்கள் முதலில் வந்தன. மஞ்சள், சிறு ஏலக்காய்த் தரங்களை 2024 ஜனவரியில் கொச்சியில் கூடிய ஏழாவது கூட்டம் முடித்துக் கொடுத்தது. உங்கள் மண்டிச் சரக்கின் உலகத் தரம் பேசப்பட்ட அறை ஈரோட்டிலிருந்து ஒரு பகல் பயண தூரத்தில்தான் இருந்தது.

வேலை என்று பார்த்தால் அதில் படாடோபம் ஒன்றும் இல்லை. புதுத் தரம் கேட்கும் நாடு முதலில் திட்ட ஆவணம் தர வேண்டும்: நோக்கம், வர்த்தக அளவு, நாடுகளுக்கிடையே உள்ள விதி வேறுபாடு, ஏற்கெனவே உள்ள தரங்களோடு உறவு, கால அட்டவணை. ஏற்றுக்கொண்டால் எட்டுப் படிகள். வரைவு, உறுப்பு நாடுகளின் கருத்து, குழு விவாதம், ஆணையத்தின் இடைக்கால ஒப்புதல், மறுபடி கருத்து, மறுபடி விவாதம், கடைசியில் ஏற்பு. எல்லாரும் ஒத்துப்போனால் ஐந்தாம் படியிலிருந்து நேராக எட்டுக்குத் தாவலாம். உண்மையான சண்டை கூட்ட அறையில் நடப்பதை விட அதற்கு முந்தைய மின்னணுப் பணிக்குழுக்களில்தான் நடக்கிறது. ஈரப்பதம் எத்தனை சதவீதம், உடைந்த விரலி மஞ்சள் எவ்வளவு இருக்கலாம், எந்தச் சோதனை முறை என்று மாதக்கணக்கில் எழுத்தில் ஓடும். இந்தியாவின் பதில்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் உள்ள தேசியக் கோடெக்ஸ் தொடர்பு மையம் வழியாகப் போகின்றன. கோடெக்ஸின் ஒவ்வொரு குழுவுக்கும் இங்கே ஒரு நிழல் குழு இருக்கிறது. ஆய்வகத்தார், தொழில்துறையினர், பல்கலைக்கழகத்தார் கூடி நம் நிலைப்பாட்டை எழுதுவது அங்கேதான்.

நாடுகள் சறுக்குவதும் இங்கேதான். கருத்து கேட்ட கெடு முடிந்தபின் கடிதம் போகும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு அதிகாரி போவார், போன முறை எங்கே விட்டோம் என்று அவருக்குத் தெரியாது. 'எங்களுக்கு இந்த எண் வேண்டும்' என்று எழுதித் தந்த குறிப்பில், அது கிடைக்காவிட்டால் எதுவரை இறங்கலாம் என்று இருக்காது. மேசையில் பேரம் தொடங்கியதும் பிரதிநிதி வாயை மூடிக்கொள்வார். வளரும் நாடுகள் கலந்துகொள்ள 2003-இல் தொடங்கிய கோடெக்ஸ் அறக்கட்டளை நிதி முதலில் பெரும்பாலும் பயணச் செலவுக்கே போனது. விமான டிக்கெட் கொடுத்தால் மட்டும் ஒரு நாடு பேசிவிடாது என்று தெரிந்த பிறகு, 2016-இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் உள்நாட்டுத் திறனைக் கட்டுவதற்கு மாறியது. பூட்டான், இந்தியா, நேபாளம் மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டத்தையே அதில் நடத்தியிருக்கின்றன.

தரவு கெடுவது இன்னும் கீழே, சாக்குப் பையில். நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைப் பார்க்கக் கோடெக்ஸ் முறை பெரிய சரக்கு ஒன்றிலிருந்து 200 கிராம் வீதம் 100 இடங்களில் எடுத்து 20 கிலோ மாதிரி கேட்கிறது. காரணம், அந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவியிருக்காது. ஆயிரத்தில் ஒன்றில் அளவுக்கு மீறி இருக்கும். மேல் மூட்டையில் கை விட்டு அரைக் கிலோ அள்ளினால் அந்த ஒன்று தப்பிவிடும், அல்லது அது மட்டுமே வந்து நல்ல சரக்கைக் கெட்டது என்று காட்டும். மஞ்சளில் பூச்சிமருந்து பார்க்கும்போது காய்கறிக்கு எடுப்பது போல 10 கிராம் எடுத்தால் நிறமியும் எண்ணெயும் கருவியின் குறிகையை அமுக்கிவிடும். 2 கிராம் எடுத்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, அதன்பின் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் பிரிப்பார்கள். தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்துச் சோதித்தால் 70 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய முடிவுகள் குப்பைக்கு. 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கருவி எதுவரை கண்டுபிடிக்கும் என்ற அளவை எழுதாமல் விட்டாலும் அந்த முடிவை வெளியே யாரும் மதிக்க மாட்டார்கள். அமிலம் விட்ட நோட்டைக் கடை வாரியாக எழுதிப் பாதுகாக்கும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு ஏற்கெனவே பாதி கைவந்திருக்கிறது.

இனி படிப்பு. தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்துக்கு ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வேண்டும், அவளிடம் இருக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கிறது. உணவுத் தொழில்நுட்பத்துக்குக் கணிதம் தேவைப்படும், அவள் எந்தக் குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் இல்லையென்றால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். கட்டணம் கோச்சிங் செலவின் பக்கத்தில்கூட வராது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் போதும். வேதியியல் படித்தவர்களுக்கு மட்டும் முதுநிலை வேண்டும். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் அந்தக் கதவு திறக்காது. எம்.எஸ்சி. சேர்த்து ஐந்து ஆண்டு என்றே கணக்குப் போடுங்கள். மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாண்டு எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பம் நுழைவுத் தேர்வு எழுதிச் சேருவது, அதற்குக் குறி வைக்கலாம். துணைப் பாடத்தில் புள்ளியியல் கிடைத்தால் விடக் கூடாது. மாலையில் பிரெஞ்சோ ஸ்பானிஷோ படிக்கட்டும். கோடெக்ஸ் கூட்டங்களில் ஆங்கிலத்தோடு அவை ஓடுகின்றன, வரைவின் மற்ற மொழி வடிவத்தைப் படிக்கத் தெரிந்த வேதியியலாளர் நம் பக்கம் அரிது.

'கோடெக்ஸ் அதிகாரி தேவை' என்று எந்த விளம்பரமும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். தனியார் ஆய்வகம், ஏற்றுமதி ஆய்வு முகமை, ஸ்பைசஸ் போர்டின் தரப் பரிசோதனைக் கூடம், எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக மாநில உணவுப் பாதுகாப்புத் துறை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் தொழில்நுட்பப் பதவிகள் என்று எங்காவது நுழைந்து, உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வையும் முடித்து, நிழல் குழுவுக்குத் தரவு தருபவராகத்தான் அந்த மேசைக்குப் போக முடியும். முதல் சில ஆண்டுச் சம்பளம் சுமார்தான். மைத்துனர் அதைச் சொல்லிக் காட்டுவார், காட்டட்டும். கடன் இல்லாமல் சம்பாதிக்கும் சின்னச் சம்பளம் அது.

கல்லூரியில் விண்ணப்பிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி., ஜி.சி. கருவிகளை மாணவர்கள் தொட்டு ஓட்டுகிறார்களா, இல்லை கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திக் காட்டுகிறார்களா? 'உணவு' என்ற பெயர் ஒட்டிய புதுப் பட்டங்கள் நிறைய வந்திருக்கின்றன. அரசுப் பதவிக்கு இணையான பட்டமாக ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

இந்த மாதமே உங்கள் பக்கத்தில் என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகம் ஒன்றில் அனுமதி கேட்டு அவளை ஒரு நாள் அனுப்புங்கள். மாதிரி வந்து இறங்குவதிலிருந்து அறிக்கையில் கையெழுத்தாகும் வரை நின்று பார்க்கட்டும். மாலையில் வந்து "இது எனக்கு வேண்டாம்ப்பா" என்று அவளே சொன்னால் வேறு படிப்பைப் பேசுவோம். அதுவரை எந்தக் கோச்சிங் சென்டருக்கும் முன்பணம் தராதீர்கள்.