கடைசிப் படகிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு

கேள்வி: மேற்படிப்புக்காகக் கிளாஸ்கோ வந்து ஓராண்டு ஆகிறது. பென் நெவிஸ் மலையில் ஒரு முறை ஏறி இறங்கியிருக்கிறேன். வரும் செப்டம்பர் நடுவில், தோழிகள் மூவருடன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள நாய்டார்ட் தீபகற்பத்தின் லார்வென் மலைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பிவிடலாம் என்கிறாள் ஒரு தோழி. அது முடியுமா?
— வாசகி, கிளாஸ்கோ

பதில்: வேண்டாம். இரண்டு இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உயரத்தை மட்டும் பார்த்தால் லார்வென் அச்சுறுத்துவதில்லை. பென் நெவிஸ் 1345 மீட்டர். இது 1020 மீட்டர்தான். (எழுத்துக்கூட்டி வாசித்தால் ‘லாதர் பெய்ன்’ என்று வரும், கேலிக் மொழியினர் சொல்வது லார்வென்.) ஆனால் பென் நெவிஸில் அடிவாரம் வரை பேருந்து போகிறது, உச்சி வரை பாதை கிடக்கிறது, கோடையில் முன்னாலும் பின்னாலும் ஆள்நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கிறது. நாய்டார்ட்டின் முக்கிய ஊரான இன்வெரீக்கு வெளியுலகிலிருந்து சாலையே கிடையாது. கிளாஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் சென்று மாலெய்க் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து படகேற வேண்டும். இல்லையென்றால் கின்லாக் ஹூர்ன் வரை ஒற்றைத் தடச் சாலையில் காரில் சென்று, கடல்நீர் உட்புகுந்த லாக் ஹூர்ன் கரையோரமாகப் பாரிஸ்டேலுக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் முறை செல்பவர்களுக்குப் படகு வழியே நல்லது.

இனி நேரக் கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் வகுத்த விதி இன்றும் கைகொடுக்கிறது: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். இன்வெரீயிலிருந்து மாம் ஊயி என்னும் தாழ்ந்த கணவாயைக் கடந்து, கூசெரன் பள்ளத்தாக்கில் இறங்கி, மேற்கு முகட்டின் வழியாக உச்சிக்குப் போய் அதே வழியில் திரும்பினால், தொலைவு 20 கிலோமீட்டரைத் தாண்டும். ஏற்றம் 1100 மீட்டருக்குக் குறையாது. விதிப்படி ஆறு மணி நேரம். நெய்ஸ்மித் சளைக்காத நடைக்காரர்; சாப்பிடுவதும் சேற்றில் புதைந்த காலணியை இழுத்தெடுப்பதும் அவர் கணக்கில் இல்லை. எனவே அதில் பாதியைக் கூட்டி, ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு அட்டவணையை எடுத்து, காலையில் கரையிறங்கும் நேரத்தை மாலைப் படகின் நேரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். அப்படியே ஒன்பது மணி நேரம் கிடைத்தாலும், ஒருத்திக்குக் கால் சுளுக்கினால் போதும், படகு போய்விடும். படகைப் பிடிக்கும் பதற்றத்தில் இறங்கும்போதுதான் கால் சுளுக்கும் என்பது வேறு விஷயம்.

ஆகவே முதல் நாள் பகலில் இன்வெரீ சேர்ந்து, விடுதியிலோ கடற்கரை முகாம் திடலிலோ தங்குங்கள். மறுநாள் விடிந்ததும் கிளம்புங்கள். செப்டம்பர் நடுவில் வெளிச்சம் ஏறக்குறைய 13 மணி நேரம் இருக்கும். ஆனாலும் ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். “இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்” என்று ஒரு நேரத்தைக் கிளம்பும் முன்பே நால்வரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அந்தப் பேச்சை எடுத்தால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். இன்வெரீயில் சிறிய கடை ஒன்றும், 2022-இல் ஊராரே சேர்ந்து வாங்கிய ‘ஓல்டு ஃபோர்ஜ்’ மதுவிடுதியும் உண்டு. என்றாலும் மலைக்கான உணவை மாலெய்க்கிலேயே வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: கைப்பேசியில் வரைபடச் செயலி இருக்கும்போது காகித வரைபடமும் திசைகாட்டியும் சுமக்க வேண்டுமா?
— வாசகர், லண்டன்

பதில்: செயலியைக் குறை சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் குளிரில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும், நனைந்த திரை விரலுக்குக் கீழ்ப்படியாது, வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளாவிட்டால் சிக்னல் இல்லாத இடத்தில் வெறும் சாம்பல் கட்டங்கள்தான் தெரியும்.

லார்வென் உச்சியில் நில அளவைத் துறை நட்ட பழைய தூண் ஒன்று இருக்கிறது. நான் போன நாளில் மூடுபனி. அந்தத் தூணைத் தொட்டதும் உச்சிக்கு வந்துவிட்டதாக நினைத்து, பையைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். பனி சற்று விலகியபோது, கிழக்கே முகட்டின்மீது என்னைவிட உயரத்தில் ஒரு கற்குவியல் நிற்பது தெரிந்தது. தூண் இருக்குமிடம் 1010 மீட்டர். உண்மையான உச்சி இன்னும் சிறிது தொலைவு தள்ளி. வரைபடத்தில் இரண்டு எண்களும் அச்சாகியிருந்தன; பார்க்காதது என் பிழை. அந்த முகட்டின் வடகிழக்குப் பக்கம் கோரி டோர்கில் பள்ளத்துக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை. மூடுபனியில் அந்தப் பக்கம் ஒதுங்கினால் விளைவு வெறும் ஏமாற்றத்தோடு முடியாது. எனவே 25,000-க்கு ஒன்று அளவுள்ள வரைபடம், நீர்புகா உறை, திசைகாட்டி ஆகிய மூன்றும் குழுவில் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும்.

கைப்பேசியை அணைத்து, உடம்புச் சூடு படும்படி உட்பையில் வையுங்கள். வீட்டிலிருந்தே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999 எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிந்துகொண்டால், பேச முடியாத அளவு சிக்னல் மெலிந்திருந்தாலும் அவசர உதவியைக் குறுஞ்செய்தியில் கேட்கலாம். பேச முடிந்தால், முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அந்தக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது.

கேள்வி: செப்டம்பரில் அங்கே மான் வேட்டை நடக்குமாமே? மலைக்கு அனுமதி வாங்க வேண்டுமா?
— வாசகர், எடின்பரோ

பதில்: அனுமதி தேவையில்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் ஸ்காட்லாந்தின் மலைகளில் நடக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை கலைமான் வேட்டை மும்முரமாக இருக்கும். மான்கள் பெருகினால் இளம் மரக்கன்றுகளை மேய்ந்து காடு வளரவிடாது என்பதால் நாய்டார்ட்டில் இது நிலப் பராமரிப்பின் ஒரு பகுதி. வெறும் பொழுதுபோக்கு அல்ல. தீபகற்பத்தின் ஒரு பகுதி, 1999-இல் உள்ளூர் மக்களுக்காக வாங்கப்பட்டு, நாய்டார்ட் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது; மலையின் வடக்குச் சரிவு, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஜான் மியூர் அறக்கட்டளைக்கு உரியது. இன்வெரீ சேர்ந்ததும், மறுநாள் எந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கியோடு ஆட்கள் இருப்பார்கள் என்று கேளுங்கள். சொல்வார்கள், வழியைச் சிறிது மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியே, முந்தைய இரவு பெய்த மழையில் ஓடைகள் எந்த அளவுக்குப் பெருகியிருக்கின்றன என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.