"உனக்கு ஹாபிதானே, சும்மா எடுத்துக் கொடு!" – போட்டோ கேள்வி-பதில்

கேள்வி: ஐ.டி. வேலையில் இருக்கிறேன். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: முதலில் வேலையில் இருந்துகொண்டே காசுக்குப் பத்து கல்யாணம் எடுங்கள். பத்தாவதுக்கும் விடிகாலை மூன்று மணிக்கு முகம் சுளிக்காமல் கிளம்பினால் யோசிக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, இ.எம்.ஐ. உண்டு.

கேள்வி: நல்ல கேமரா ஒன்று சொல்லுங்கள்.

பதில்: எதற்கு? எவ்வளவுக்குள்? மருந்துக்கடையில் போய் 'நல்ல மாத்திரை ஒண்ணு குடுங்க' என்றா கேட்பீர்கள்? காசுக்கு எடுப்பதானால் இரண்டு மெமரி கார்டு போடுகிற கேமராவாகப் பாருங்கள்.

கேள்வி: மாமா பெண் கல்யாணம். 'உனக்கு ஹாபிதானே, சும்மா எடுத்துக் கொடு' என்கிறார்கள். எப்படி மறுப்பது?

பதில்: நான் மறுக்கவில்லை, பட்டேன். சித்தப்பா மகன் கல்யாணம், ஒரே கார்டு. தாலி கட்டி முடித்த கையோடு திரையில் 'கார்டு எரர்'. மூவாயிரம் படத்தில் பாதிதான் மீண்டது. மீண்டதில் தாலி கட்டு இல்லை. பந்தியிலும் உட்காரவில்லை, பேச்சு மட்டும் வயிறு நிறைய. சமையற்காரரிடம் யாரும் 'உங்களுக்குச் சமைக்கப் பிடிக்குமே, சும்மா செய்யுங்கள்' என்பதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. ஓசியில் எடுத்தால் உரிமை எடுத்தவருக்கே. இதைச் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். காபிகூட வரவில்லை. நீங்கள் மாமாவிடம் ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். இல்லையென்றால் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் வம்பு.

கேள்வி: 600 கிராம் ட்ரோன் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

பதில்: 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. பொழுதுபோக்குக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம். காசு வாங்கினால் வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் அப்படித்தான். பதிவு எண் இரண்டுக்கும் கட்டாயம். மண்டபம் சிவப்பு மண்டலத்தில், அதாவது அரசு அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாத பகுதியில், இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா?

பதில்: வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டட்டும், அப்புறம் பேசலாம். வருமான வரிக் கணக்கில் மட்டும், ஹாபி என்று சொல்லி வந்த காசை மறைக்காதீர்கள்.

கேள்வி: விசிட்டிங் கார்டில் 'புரொஃபஷனல்' என்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ளுங்கள். மெமரி கார்டு இரண்டு இருக்கிறதல்லவா?